பதிலை மாற்றப் போனேன்

தொண்ணூறுகளின் நடுவில், என் மகளுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது, தடுப்பூசி போட மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனைக்கு அக்காவோடு போனேன். அம்மா இல்லாததால் பிரசவத்துக்குக் கோபாலபுரத்தில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

அந்த ஒன்றரை மாதமும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குழந்தை தூங்கினாலும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பேன். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். ரெண்டு நிமிஷத்தில் மறுபடியும். மொட்டைமாடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போகவே பயம். தவறி விழுந்துவிடுவாள் என்றல்ல, நானே போட்டுவிடுவேனோ என்று.

ஊசி போட்டு முடிந்ததும் ஓர் இளம்பெண் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். மனநல மருத்துவம் படிக்கிறாளாம். பிள்ளை பெற்றவர்களிடம் சில கேள்விகள் கேட்கிறாளாம்.

"இந்த ஒரு வாரமா மனசு எப்படி இருக்கு? பயம், பதட்டம் ஏதாவது?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றாள் அக்கா. "ஒரு வேலையும் செய்ய விடறதில்ல நான்."

நானும் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். குழந்தையை ஏதாவது செய்துவிடுவோம் என்று தோன்றியதுண்டா என்று அவள் கேட்டதும் அக்கா எழுந்துவிட்டாள். "என்ன கேள்வி இதெல்லாம்?" அதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆட்டோ லஸ் சிக்னலில் நின்றது. என் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"அக்கா, திரும்பிப் போகணும்."

"எதையாவது விட்டுட்டியா?"

"பொய் சொல்லிட்டேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னாள். "இன்னாம்மா, இப்பத்தான ஏறுனீங்க" என்றபடி ஆட்டோக்காரர் திருப்பினார்.

அந்தப் பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, நான் சொல்லாமலே, வெளியே போய் நின்றாள். மாடியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"இப்படித் தோணுறது நிறைய பேருக்கு வருது. தோணினதால செஞ்சிடுவீங்கன்னு இல்ல. ஆனா இதைத் தனியா வெச்சுக்க வேண்டாம்."

அப்போதே என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "சின்னவன் பொறந்தப்ப நானும் குளியலறைல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். என்னை யாரும் கேக்கல."

டாக்டர் கொடுத்த மாத்திரை உடனே கேட்கவில்லை. முதல் மாதம் நடை நிற்கவே இல்லை. மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்று அக்காவோடு சண்டை போட்டேன். அவள் விடவில்லை, வாரா வாரம் கூடவே வந்தாள். மகள் குப்புற விழத் தொடங்கிய சமயத்தில்தான் ஒரு மத்தியானம் முழுக்க, எழுந்து போய்ப் பார்க்காமல், அவள் பக்கத்திலேயே தூங்கினேன்.