எதிர்க்கடைக்காரருக்கு ஒரு கட்டு முருங்கைக்காய்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று காதர்பேட்டையில் என் கடையிலிருந்து பாதி இந்தியாவுக்குப் பனியன் போகிறது. எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். ‘பனியன்கிளி’ என்று யாரும் கேள்விப்படாத ஒரு சொல். மாதக் கடைசியில் இணையத்தில் அதைத் தேடும்போது எவர் கடையின் பக்கம் முதலில் வருகிறதோ அவருக்குப் பரிசு. நான் பெயர் கொடுத்ததும் எதிர்க்கடைக்காரர் எழுந்தார்.

“ஏனுங்க, மூலனூர்ச் சந்தையில முருங்கக்கா கட்டுன கைக்கு இதெல்லாம் எதுக்குங்க?”

சபையே சிரித்தது. இதே சபையில் இவரைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன்.

மற்றவர்களின் பக்கங்களிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றனவோ, தேடலில் நம் பக்கம் அவ்வளவு மேலே ஏறும். அவர் ஒரு கம்பெனியைப் பிடித்து, தன் பக்கத்துக்கு ஆள் அனுப்பும் இணைப்புகளை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கினார். நானோ என்னிடம் சரக்கெடுக்கும் வடநாட்டுக் கடைக்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். உங்கள் கடைப் பக்கத்தில் பனியன்கிளியைப் பற்றி இரண்டு வரி எழுதி, என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. என் வீட்டில் கை நனைக்காதவர் அவர்களில் யார்?

விலைக்கு வாங்கிய இணைப்பு தேடுபொறிக்கு ஆகாது; கடைசி வாரம் அது அவருடைய விலைச்சரக்கைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தைத் தூக்கி எறிந்தது. முதல் வரியில் நான் நின்றேன்.

பரிசு வாங்கிய கையோடு, ஒரு கட்டு முருங்கைக்காயை அவர் கையில் வைத்தேன்.

“நானே கட்டுனதுங்க. ஊட்டுல சாம்பார் வெக்கச் சொல்லுங்க.”

சபை மறுபடி சிரித்தது. அந்தக் கட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் அவர் நின்றதை, நான் உட்கார்ந்து ஆசைதீரப் பார்த்தேன்.