ஆறு கால் நண்டு

ராயபுரத்தில் வக்கீல் அறை. வக்கீல் இருந்தார். பீடி வியாபாரி காதர் பாய் இருந்தார். அவருக்கு லேபிள் வரைந்து கொடுத்த நான் இருந்தேன். மேஜைமேல் ஒரு நோட்டீஸ்.

பெரிய பீடிக் கம்பெனி ஒன்று அனுப்பியது. எங்கள் லேபிளில் இருக்கும் நண்டு அவர்கள் நண்டாம். லேபிளை எடுக்காவிட்டால் கேஸ். பாயை நம்பிப் பன்னிரண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கேஸில் தோற்றால் அத்தனை பேருக்கும் வேலை போகும்.

"கேஸு எப்டி சார் நிக்கும்? அஞ்சு மாத்தம் பண்ணிக்கீறோம்!" என்றார் பாய்.

உண்மைதான். கம்பெனி லேபிளைப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனால் எட்டுக் காலை ஆறாக்கினேன். ஓரத்தில் ஒரு படகு. மூலையில் நட்சத்திரம். பெயர் வேறு, எழுத்தின் நிறம் வேறு. ஐந்து மாற்றினால் படம் நம்முடையது...

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யார் சொன்னது? எனக்கு அச்சாபீஸ்காரர் சொன்னார். அவருக்கு யாரோ.

"அஞ்சுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல பாய்," என்றார் வக்கீல். "மாத்தினதை எண்ண மாட்டாங்க. வாங்குறவன் ஏமாறுறானான்னு பார்ப்பாங்க."

"எவன் ஏமாறுவான்? இவரே போயி பத்து பேரைப் பாத்துட்டு வரட்டும். ரெண்டு பேரு ஏமாந்தாலும் லேபிளைக் கொளுத்திடறேன்."

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. மறுநாள் காலை காசிமேடு போனேன். பெட்டிக்கடைக்காரரிடம் சொல்லி, பலகையில் எங்கள் கட்டுகளை மட்டும் வைத்தேன். வழக்கமாகக் கம்பெனியின் நண்டு பீடி குடிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள், பார்ப்போம்.

கட்டுமரம் கரையேறியது. முதல் ஆள் ஈரக் கையோடு வந்தார். எங்கள் கட்டை எடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன்? கட்டை வாங்கிப் பார்த்தேன்.

நான் மேஜையில் காகிதத்தை விரித்து வரைகிறேன். பாய் வீட்டில் அதைக் கட்டைச் சுற்றி ஒட்டுகிறார்கள். கால், படகு, பெயர் — எல்லாம் பின்பக்கம் போய்விட்டது. முன்னால் தெரிவது ஒரு சிவப்பு வட்டம், இரண்டு கொடுக்கு. இரண்டும் கம்பெனியுடையவை.

திருப்பிக் காட்டினேன்.

"இன்னா நைனா, ரெண்டு காலைக் காணோம்? நீ துன்னுட்டியா?" என்று சிரித்தார். கடைக்காரர் அவருக்குக் கம்பெனிக் கட்டைக் கொடுத்தார்.

படத்தை மாற்றினோம். ஆள் பார்க்கிற இடத்தை மாற்றவில்லை.

பத்துப் பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பாய் வாசலிலேயே நின்றார்.

"எத்தினி பேரு ஏமாந்தான்?"

ஒன்பது.