மதினி கேட்டு வாங்கிய ஜீவனாம்சம்

திருநெல்வேலி குடும்பநல நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மதினி எழுந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அடுப்படியில் பால் பொங்கி வரும்போது எழுந்து ஓடுவோமே, அந்த வேகம். மதினி என்றால் என் கணவரின் அக்காள். அன்று அவருக்கு விவாகரத்து ஆகவேண்டிய நாள்.

திசையன்விளையில் பெரிய பலசரக்குக் கடைக்காரருக்கு வாக்கப்பட்டவர் மதினி. அந்தப் பக்கத்துக் கடைகளில் வேலையாட்களுக்குச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்துதான் போகும். கல்யாணமாகிப் போன மறுவாரமே அந்த அடுப்படி மதினி கைக்கு வந்துவிட்டது. விடியும் முன்னே இட்லி, மத்தியானம் குழம்பும் கூட்டும், ராத்திரிக்கு மறுபடியும் உலை. நல்ல நாள், பெரிய நாள் என்று எங்கள் வீட்டுக்கு வந்தாலும், கடைக்கு யார் பொங்குவார்கள் என்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார். இவ்வளவும் செய்தவரை விட்டுவிட்டு, பிள்ளை இல்லை என்று சாக்குச் சொல்லி, அந்த மனிதர் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார். அவளை முறையாகக் கட்டிக்கொள்ள வேண்டும், இருவரும் மனமொத்துப் பிரிந்துவிடலாம் என்று அவரே ஆள் அனுப்பினார்.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் காசு நமக்கு எதற்கு, எங்கள் அக்காளுக்கு நான் சோறு போட மாட்டேனா என்று சொந்தக்காரர்கள் நடுவில் மார்தட்டினார். ஆளாளுக்குத் தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று மெச்சினார்கள். ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று மனுவில் எழுதியாயிற்று. மதினியும் கையெழுத்துப் போட்டார். அது நிலைத்திருந்தால், அதற்குப் பிறகு ஒரு சோப்பு வாங்கவும் தம்பி முகத்தைப் பார்த்துத்தான் அவர் நிற்க வேண்டும்.

அன்று நீதிபதி, இந்த அம்மாவுக்குப் பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்டார். அந்தப் பக்கத்து வக்கீல் முந்திக்கொண்டு, இவர் வீட்டில் சும்மா இருந்தவர்தான், இனித் தம்பி பார்த்துக்கொள்வார் என்றார். அப்போதுதான் மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, நான் சும்மா இருக்கலை. அவுக கடையில வேலை பாத்த அத்தனை பேருக்கும் மூணு நேரமும் பொங்கிப் போட்டேன். எனக்கு ஜீவனாம்சம் வேணும்."

குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது, நீதிமன்றமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். விவாகரத்து அவசரம் அந்த மனிதருக்குத்தானே. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். மனுவைத் திருத்தி, மாதாமாதம் இவ்வளவு என்று உத்தரவானது. கணவனின் வருமானம், மனைவியின் தேவை, அதுவரை அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்வதுதான் ஜீவனாம்சம், இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல என்று எங்கள் வக்கீலம்மா எனக்குப் பிற்பாடு விளக்கினார். மதினிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தன்மானம் கெட்டவள் என்று சொந்தத்தில் பேசாத வாயில்லை. தன்மானத்தைக் கொடுத்தால் வீட்டு வாடகை தீருமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. என் வீட்டுக்காரர் வெகுநாள் அக்காளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மதினி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக் குடிபோனார். இப்போது நினைத்தால் சமைக்கிறார், நினைக்காவிட்டால் கடையில் இரண்டு தோசை வாங்கிக்கொள்கிறார். அவரை அப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து நான் முன்பு பார்த்ததே இல்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் தம்பி கடைசிவரைக்கும் வைத்துப் பார்த்திருப்பாரே மதினி, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"அவன் சோறு போடுதேன், சோறு போடுதேன்னு ஊரெல்லாம் சொன்னான். பொங்கப்போறது நீதானே. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

கேட்கவில்லை. மதினி சொல்லும்வரை எனக்கும் அது உறைக்கவில்லை.