ஒற்றைக் கதவு வண்டிக்கு ஒரு பாலிசி

அந்த ஊரில் தையல் மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவள் மெஷின் அக்கா. வயது நாற்பத்தொன்பது, உயரம் நாலடி பத்தங்குலம். நூல் அறுகிறதா, ஊசி உடைகிறதா, பெடலை மிதித்தால் மெஷின் முனகுகிறதா, அவளுக்குச் சொல்லியனுப்பினால் போதும். வீட்டுக்கே வந்து, மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, காது கொடுத்துக் கேட்டு, அரை மணியில் ஓட வைத்துவிடுவாள். அங்கேயே முடியாத வேலை என்றால் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒரு தலை பதிமூன்று கிலோ. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் சுமந்தாள். கண்டக்டரும் இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அக்கா, மூட்டைக்கும் சேத்து டிக்கெட் போடவா?"

ஒருநாள் வலது தோள் மக்கர் பண்ணியது. இனி சுமை தூக்கினால் தோளை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவள் கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். ஆறடி உயரம். எதையும் இரண்டு முறை அளக்காமல் நம்பமாட்டார். என் தம்பி தன் கடையில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுத் தருவான், உட்கார்ந்த இடத்தில் வேலை பார் என்று அவர் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மெஷினின் பழுது பாதி மெஷினில் இருக்கிறது, பாதி அது நிற்கிற வீட்டில் இருக்கிறது என்பது அவள் கட்சி. தரை சரிவா, ஜன்னலோரம் ஈரமா, மிதிக்கிறவள் கோபக்காரியா என்று பார்க்காமல் எதைச் சரிசெய்வது? ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் அவள் வெறும் ரிப்பேர்க்காரி. அதற்குமேல் ஒன்றுமில்லை.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வீட்டுக்கு ஒரு மெஷின் பார்க்கப் போனாள். அவர் அவளுக்குப் பழைய வாடிக்கை. மெஷினில் நூல் ஓடும் ஷட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்க அவள் பெட்டியில் வைத்திருக்கும் நீளக் காம்புக் குட்டிக் கண்ணாடிகூட அவர் கொடுத்ததுதான். நாற்பது வருஷமாக ஊர் வாயையெல்லாம் பார்த்த கண்ணாடி அது. மகனோடு போய் இருக்கப்போகிறேன், வீட்டைக் காலி பண்ணுகிறேன் என்று டாக்டர் பின்கட்டைத் திறந்து காட்டினார். அங்கே எதையோ மூடியிருந்த துணியை அவர் இழுத்ததும் அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

கார்தான். ஆனால் காரைச் செய்யத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தியதுபோல ஒரு கார். மூன்று சக்கரம், ஒரு கதவு, ஒரு சீட், நெற்றியில் ஒரே விளக்கு. நீளம் நாலரை அடி. ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் ஒரு கைப்பிடி இருந்தது. திருப்ப வேண்டுமென்றால் இறங்கிப்போய் அதைத் தூக்கி இழுத்துத் திருப்ப வேண்டும். வாலிபத்தில் எங்கிருந்தோ ஆசைப்பட்டுத் தருவித்தாராம். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முட்டி இடிக்கவில்லை, தலை இடிக்கவில்லை. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடத்தை உள்ளங்கையால் அளந்தாள். ஒரு மெஷின் தலை, ஒரு பெட்டி, கச்சிதமாக உட்காரும். உலகத்தில் ஒரு பொருள் தன் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது என்று அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தாள். அன்று சாயங்காலமே பேரம் பேசாமல் வாங்கி, மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கணவர் டேப்பை எடுத்து வண்டியை இரண்டு முறை அளந்தார். நம் வீட்டு ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்தால் இதைவிட அரையடி நீளம் என்று அறிவித்தார். "இதுக்கு ஷெட் எதுக்கு? ஒரு ஆணியடிச்சுச் சுவத்துல மாட்டிடலாம்." கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அவள் சொன்னாள். காரம் சரி, கடுகுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா என்று அவர் கேட்டார். இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லை. போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தால் தூக்கிவாரிப் போட்டது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பாலிசி வந்து சேராவிட்டால் பழைய பதிவு ரத்தாகிவிடும். இந்த மாதிரி வண்டிக்குப் புதுப் பதிவு தருவதேயில்லையாம். அப்புறம் அது கார் இல்லை, பூந்தொட்டி. அவளுக்கு ஸ்டூல்.

கையில் இருந்தது ஒன்பது நாள். முதல் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் போட்டோவைப் பார்த்துவிட்டு, பொம்மைக்கெல்லாம் இங்கே போடுவதில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் புல் வெட்டும் இயந்திரம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டரே சம்மதிக்கவில்லை. கதவுகள் எத்தனை என்ற கட்டத்தில் இரண்டுக்குக் குறைவாக எதையும் அது ஏற்க மறுத்தது. இன்னொரு கதவு வைத்துக்கொண்டு வாருங்கள் என்று அங்கிருந்தவர் நிஜமாகவே சொன்னார்.

நாலாவது இடத்தில் கவுன்டரில் இருந்தது ஒரு இளம்பெண். போட்டோவைப் பார்த்ததும் அவள் முகத்தில் பல்பு எரிந்தது. நாளெல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கார்களுக்கு பாலிசி போட்டுப்போட்டு அலுத்துக் கிடந்தவள். தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டாள், அவர்கள் கைமாற்றினார்கள், மறுபடி போட்டாள். சாப்பாட்டு நேரம் போனது. மெஷின் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனசுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கடைசியில் போனை வைத்துவிட்டு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, சிறப்பு வாகனம்னு ஒரு வகை இருக்கு. இந்த ஆபீஸ்ல யாருமே போட்டதில்ல. எங்க சர்வேயர் வந்து வண்டியைப் பாத்து எழுதிக் குடுத்தா போட்டுடலாம்." சர்வேயருக்குக் கிடைத்த ஒரே நாள் அந்தக் கடைசி வெள்ளிதான். இருந்தாலென்ன, வீடு வந்து சேரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை முழுக்க வண்டியைத் துடைத்தாள். எந்த மெஷினும் அழுக்கோடு அவள் கையைவிட்டுப் போனதில்லை. அதிலும் பெயர்த்தகடு பளிச்சென்று இருந்தாக வேண்டும். தகடு மின்னினால் மெஷின் பாதி சரியான மாதிரி என்பாள். வண்டிக்கு உள்ளே, பெடலுக்கு மேலே, அப்படியொரு பித்தளைத் தகடு கறுத்துப்போய்க் கிடந்தது. கை சும்மா இருக்குமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பாலிஷ் போட்டாள், மறுபடி தேய்த்தாள். தங்கம்போல வந்தது. கணவரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினாள்.

வெள்ளி காலை பத்து மணிக்கு சர்வேயர் வந்தார். நசுங்கிய லாரிகளையே பார்த்துப் பார்த்துச் சலித்த முகம். வண்டியைப் பார்த்ததும் அந்த முகம் கொஞ்சம் இளகியது. சுற்றிவந்து அளந்தார், பிரேக்கை அழுத்தினார், விளக்கைப் போட்டார், ஹாரனை அடித்துவிட்டு ஒருதரம் கூடுதலாகவும் அடித்தார். ரிவர்ஸ் எப்படி என்று கேட்டார். அவள் கைப்பிடியைக் காட்டினாள். அவர் அவள் வலது தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், பிறகு "ரிவர்ஸ்: இல்லை" என்று எழுதிக்கொண்டார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியாக சேஸிஸ் நம்பர்.

அது அந்தப் பித்தளைத் தகட்டில்தான் குத்தியிருந்தது. சர்வேயர் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். குழிந்த எழுத்து வெள்ளையாக விழ வேண்டும். முதல் நாலு எழுத்து மங்கலாக விழுந்தது. கடைசி மூன்று விழவேயில்லை. இன்னொரு தாள் வைத்தார். அதிலும் அந்த இடம் ஒரே கறுப்பு.

"யாரு இதைத் தேச்சது?"

மெஷின் அக்கா தன் கையைத் தூக்கிக் காட்டினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேள்விப்பட்டிருக்கிறாள். தாழியைத் தானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உடைத்த கதையை இதுவரை கேட்டதில்லை. பதிவுப் புத்தகத்தில் முழு நம்பரும் இருக்கிறதே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் இருப்பது புத்தகத்தின் நம்பர், வண்டியில் இருப்பதுதான் வண்டியின் நம்பர் என்று சர்வேயர் கோப்பை மூடினார். அவர் கெட்டவரில்லை. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பேனாவைப் பையில் சொருகிக்கொண்டார்.

அவள் கதவோரம் உட்கார்ந்து தகட்டைத் தடவினாள். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூட விரலால் கண்டுபிடிக்கிறவள். முன்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. என்ன பாவி நான் என்று நினைத்தபடி, விரலை விளிம்புக்குப் பின்னால் நுழைத்தாள். தகட்டை நாலு மூலையில் மட்டும்தான் அடித்திருந்தார்கள்; பின்னால் விரல் போக இடமிருந்தது. விரலில் ஏதோ உறுத்தியது. ஒரு மேடு, பக்கத்தில் இன்னொரு மேடு.

தெரியாத விஷயமா இது? பழைய மெஷின்களில் முன்பக்கம் கைபட்டுக் கைபட்டு நம்பர் தேய்ந்துபோயிருக்கும். ஆனால் சுத்தியலால் குத்திய எழுத்து, குத்திய பக்கம் குழியென்றால் மறுபக்கம் மேடு. மறுபக்கத்தை யாரும் தேய்க்க மாட்டார்கள். உதிரிபாகம் வாங்க எத்தனை மெஷினுக்கு அவள் அப்படி நம்பர் படித்திருக்கிறாள்.

"சார், பேனாவை வெளில எடுங்க. அஞ்சே நிமிஷம்."

தகட்டின் பின்பக்கம் கீழேயிருந்து பார்த்தால்தான் தெரியும். அதனாலென்ன, இது என்ன லாரியா? பழைய தலையணை இரண்டைத் தரையில் போட்டு, கணவர் ஒருபக்கமும் சர்வேயர் மறுபக்கமும் பிடித்து வண்டியை ஒருக்களித்துச் சாய்த்தார்கள். என் சர்வீஸில் எந்தக் காரையும் நான் இப்படிப் படுக்க வைத்ததில்லை என்று சர்வேயர் மூச்சு வாங்கினார். அவர் குரலில் சின்னப் பையனின் குஷி இருந்தது. அவள் பெட்டியைத் திறந்து பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைத் தகட்டுக்குப் பின்னால் நீட்டினாள். பின்பக்கம் இடவலம் மாறிக் கிடந்த எழுத்து, கண்ணாடிக்குள் நேராக வந்து நின்றது. ஆனால் அவள் படிக்கவில்லை. கண்ணாடியை சர்வேயர் கையில் கொடுத்துவிட்டு, டார்ச்சை மட்டும் பிடித்தபடி ஒதுங்கிக்கொண்டாள். கணவர் பதிவுப் புத்தகத்தை யாருக்கும் காட்டாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

சர்வேயர் தலையணைமேல் தலைவைத்து ஒரு கண்ணை மூடினார். "ஏழு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு." அப்புறம் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க. ஆறு. ஆறுதான்."

கணவர் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு முறை பார்த்தார், அவர் வழக்கப்படி. "ஏழு ரெண்டு ஆறு," என்றார்.

சர்வேயர் தாளைத் தகட்டின் பின்பக்கம் ஒட்டவைத்துப் பென்சில் முனையால் தேய்த்தார். இந்தமுறை மேட்டெழுத்துகள் ஏழுமே அழுத்தமாக விழுந்தன. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் நம்பர் நேராகத் தெரிந்தது. அதைக் கோப்பில் குத்திக் கையெழுத்துப் போடும்போது மணி பன்னிரண்டே கால். கோப்பை அவள் கையில் கொடுத்து, இனிமேல் எதையும் தேய்க்காதீர்கள் என்று ஒரே ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்.

பாலிசி இல்லாத வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. அதனால் தன் காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க அவள் பஸ்ஸில்தான் போனாள். கண்டக்டர் அவள் கையைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். மூட்டை எங்கே என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். கவுன்டர் பெண் கோப்பை வாங்கிக் கட்டங்களை நிரப்பினாள். கதவு ஒன்று. சீட் ஒன்று. கம்ப்யூட்டர் யோசித்தது. மூன்று நாற்பதுக்கு பிரின்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. போக்குவரத்து அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பச்சை எழுத்து வந்ததும், கவுன்டர் பெண் எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது இருவருக்கும்.

மறுநாள் காலை, தெருவைப் பார்த்து நின்ற வண்டியில் பெட்டியைச் சீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். ஏழு வீடு, ஏழு மெஷின். எல்லோரும் மெஷினை மறந்துவிட்டு வண்டியைப் பார்க்க வாசலுக்கு ஓடினார்கள். கழற்ற வேண்டிவந்த ஒரு மெஷின் தலையை வண்டிவரை தூக்கிவரப் போட்டியே நடந்தது. சிக்னலில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து குனிந்தார், இன்னும் குனிந்தார். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நிமிர்த்தி, பஸ்ஸுக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். சிக்னல் விழுந்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. சந்து முட்டுச்சந்து. உள்ளே போய்விட்டால் நாளைக் காலை வெளியே வர வண்டியைத் திருப்பியாக வேண்டும், கைப்பிடியைத் தூக்கியாக வேண்டும். தோளைத் தடவிக்கொண்டே கடைசிவரை ஓட்டிப் போனாள்.

அங்கே கணவர் நின்றிருந்தார். ஆய்வகத்திலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை. கையில் பாலிசி. வரிவரியாகப் படித்திருப்பார். அவள் கதவைத் திறக்கப் போனாள். அவர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"பாலிசில ஒரு தப்பு இருக்கு. ரிவர்ஸ் இல்லன்னு போட்டிருக்காங்க."

"இல்லதானேங்க?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். வண்டியின் பின்புறம், அவளோடு சேர்த்து, தரையைவிட்டு எழும்பியது.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

சுவரும் வீட்டு வாசலும் மெதுவாகச் சுற்றி நகர்ந்தன. முன்னே தெரு வந்து நின்றது. அவள் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.