இடப்பக்கக் கதவு

போன வாரம் கல்லடிப் பாலம் தாண்டும்போது என் காரின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜில் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, சென்சர் ஒன்று போய்விட்டது என்றார்கள். என் கை தன்பாட்டில் காலில் கிடந்த செருப்புக்குப் போயிற்று. உங்களுக்குச் சிரிப்பு வரும். மச்சாளைத் தெரிந்திருந்தால் வராது.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. கிரானிலிருந்து அண்ணன் வாடகைக்கு ஹயர் ஓடிய பழைய காரிலும் இதே மஞ்சள் விளக்குத்தான். எஞ்சின் சூடேறினால் ஒரு சென்சரின் வயர்முனை தளர்ந்துவிடும். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அண்ணன் இருந்தபடியே எட்டி, மச்சாள் இருக்கும் இடப்பக்கக் கதவைத் திறந்துவிடுவார். இறுகிப்போன அந்தக் கதவு அவர் கைக்குத்தான் திறக்கும். மச்சாள் இறங்கிப்போய்ப் பொனெட்டைத் தூக்கி, செருப்பைக் கழற்றிச் சென்சரில் தட்டுவார்.

"எழும்புங்க துரை, விடிஞ்சி போச்சு."

கார் எழும்பிவிடும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தொழில்நுட்பக் கல்லூரி வேறு. இது முறையில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று படம் கீறி விளக்குவேன்.

"கீறி முடிஞ்சா ஏறு தம்பி, போவம்."

சுனாமியன்று அண்ணனும் காரும் கிரானில். மச்சாள் கல்குடாவில், கடற்கரையோரத் தாய்வீட்டில்.

பிறகும் கார் ஓடியது, நின்றது. எஞ்சின் தானாக ஆறும்வரை அண்ணன் காத்திருப்பார். யாரையும் தொட விடமாட்டார். சண்டை திரும்பவும் மூண்ட காலம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எஞ்சினை நிறுத்தத்தான் வேண்டும். அங்கே கிளம்பாமல் நிற்கிற காரை யார் நம்புவார்கள்? மாற்றுவோம் என்று கெஞ்சினேன். கிடக்கட்டும் என்பார்.

ஒரு மத்தியானம் அதுவே நடந்தது. சோதனை முடிந்தும் கார் கிளம்பவில்லை. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஆமிக்காரன் கத்திக்கொண்டே துவக்கை நீட்டினான். அண்ணன் எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு நேரே பார்த்தபடி இருந்தார். பின்சீற்றிலிருந்த நான் கையைத் தூக்கியபடி இறங்கி, பொனெட்டைத் திறந்து, என் செருப்பால் தட்டினேன். கிளம்பிற்று.

வாவிக்கரை வந்ததும் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"நீ தட்டாத தம்பி. சென்சர மாத்து."

சென்சரையும் வயர்முனையையும் மாற்றினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஆனாலும் எங்கே நிறுத்தினாலும் அண்ணன் எட்டி அந்தக் கதவைத் திறப்பார். கொஞ்சம் வாவிக் காற்று உள்ளே வரும். பிறகு அவரே சாத்துவார்.

சண்டை முடிந்தது. மண்மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது குளிர்பானக் கடை. அந்தக் கார் யார் யாரிடமோ கைமாறிப் போய்விட்டது. என் காரில் எல்லாக் கதவுகளும் ஒரு பொத்தானுக்குத் திறக்கும். அண்ணன் ஏறினால் பின்சீற்றில்தான் இருப்பார், முன்னால் இடம் கிடந்தாலும்.