சத்தம் போடாத பிள்ளை

1. காது வேலைக்கு ஆகாது

விராலிமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்ட் கதவைத் திறந்ததுமே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. வேறு மில்களில் ஓடித் தேய்ந்த ஆதி காலத்து மிஷின்களை வாங்கிப் போட்டிருந்தார் முதலாளி. அவை போட்ட சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. மேஸ்திரி எதிரில் நின்று ஏதோ சொன்னார். புரியவில்லை என்று கையை விரித்தேன். வெளியே கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்.

"உள்ள காது வேலைக்கு ஆகாது ஆத்தா. எதுத்தாப்புல நிக்கிற ஆளு வாயப் பாரு. வாயசைவ வச்சே புரிஞ்சுக்கணும்."

அறுந்த இழையை ஓடுகிற மிஷினிலேயே ஒட்டுவதுதான் என் வேலை. அதைவிடச் சீக்கிரம் இந்த வாயசைவுப் பேச்சு படிந்துவிட்டது. குரலே எழுப்பாமல் ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு மாமியார் கதை முழுவதையும் சொல்லி முடிப்போம். மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னாலேயே திட்டுவோம். அது குஷியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காதில் வைத்துக்கொள்ள எதுவும் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2. ஷிப்டுக்குப் பிறந்தவள்

அதே மில்லில் பஞ்சு பிரிக்கும் பிளோ ரூமில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். மலர் பிறந்தாள். மில்லில் வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லைன் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஆளுக்கொரு ஷிப்டாகக் கேட்டு வாங்கினோம். நான் உள்ளே வரும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மிஷின் நிற்காது, ஆகையால் நாங்கள்தான் மாறி மாறிப் படுத்தோம். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து சாப்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான்.

எப்போது பார்த்தாலும் வீட்டில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். மலருக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாத" என்பது. அதையும் வாயை மட்டும் அசைத்துத்தான் சொன்னேன். அவளும் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியே பதில் சொல்வாள். பசிக்குது, மழை வருது, பூனை வந்திருக்கு என்று எல்லாவற்றையும் சொல்லுவாள், ஓயவே மாட்டாள். நானும் முகம் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

"தங்கமான புள்ள, இருக்குற எடமே தெரியல" என்று லைன் வீட்டில் அவளுக்கு நல்ல பெயர். எனக்குப் பெருமை தாங்காது.

3. டாக்டர் ஆட்டிய மணி

பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கொஞ்ச நாளிலேயே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, பிள்ளைக்கு வாய் பேச வராதுன்னு சேர்க்கும்போதே சொல்ல வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னது டீச்சர்? வீட்ல வாய மூடவே மாட்டா. மலரு, டீச்சருக்குப் பாட்டுச் சொல்லு" என்றேன்.

ஒரு வரி விடாமல் சொன்னாள். "பாத்தீங்களா?" என்று நிமிர்ந்தேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வாய் அசையுதும்மா. சத்தம் வரலையே. டாக்டர்ட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா வாய் பேசாத பிள்ளைங்க படிக்கிற ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துலதான் விடணும்."

மறுநாளே நானும் வீட்டுக்காரரும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் மலரின் பின்னால் நின்று சின்ன மணி ஒன்றை ஆட்டினார். சட்டென்று திரும்பினாள். தொண்டையில் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு என்னை அந்த ஸ்டூலில் உட்காரச் சொல்லி என் பின்னால் போனார். நான் எதிரே நின்ற மலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். எதற்கு என்று திரும்பினால், டாக்டர் என் காதுக்குப் பக்கத்தில் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் என் முன்னால் வந்து நிதானமாகச் சொன்னார்: "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. குரலை வெளிய விட்டுப் பழகல, அவ்வளவுதான். காது போனது ஒங்களுக்கும்மா. எங்க வேலை பாக்குறீங்க?"

நாலு பேர் சத்தமாகப் பேசுகிற வீட்டில் அவள் வளர வேண்டும் என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "வேலைய விட்டுர்றியா?" என்று கேட்டார்.

"விட்டா மட்டும் போன காது திரும்பி வருமா? யாரு நம்மள வச்சுச் சோறு போடுவா?" என்றேன். என்னமாய்க் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வல்லத்திராக்கோட்டையில் விவசாயம் பார்க்கும் என் தங்கச்சி வீட்டில் மலரை விட்டோம். வரப்பில் நின்று கத்தினால் வீட்டுக்குக் கேட்கிற குடும்பம். லீவு கிடைத்துப் போனபோது தூரத்தில் பார்த்ததுமே மலர் ஓடி வந்தாள். வாய் பிளந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பின்னால் வந்த தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அம்மா அம்மான்னு எப்படிக் கத்துறா பாத்தியா?" என்றாள். எனக்கு ஏதோ இரைச்சல்தான் தெரிந்தது. "ஆமாடி, நல்லாக் கத்துறா" என்றேன்.

மலர் அங்கேயே படித்து வளர்ந்தாள். லீவுக்குத்தான் எங்களிடம் வருவாள்.

இப்போது மில்லில் காதுக்கு அடைப்பான் தருகிறார்கள். வேர்க்குது, அரிக்குது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மாட்டிக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் காதைச் சோதிக்கச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். காது ஒரே நாளில் போவதில்லை, அதனால் போவது நமக்கே தெரியாது. காது மிஷினும் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டேன். இரைச்சல்தான் பெரிதாகிறது, பேச்சு பிரியவில்லை.

மலர் இன்றைக்கு டீச்சராக இருக்கிறாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்குமாம் அவள் குரல். பெற்றவளுக்கு அதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.