அவள் பக்கத்து மின்சாரம்

லிஃப்ட் மெக்கானிக் கல்யாணமான புதிதில் வாங்கியது ஒரே ஒரு பொம்மை ரயில்தான். நாளடைவில் அது பின்னறையையே விழுங்கிவிட்டது. பெரிய மேசையை நடுவில் பிரித்து, அவர் பாதிக்கு ஒரு கன்ட்ரோலர், மனைவி பாதிக்கு ஒன்று. குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், ரயில் வேகமெடுக்கும். அவரவர் பாதி தனியாக இயங்க, எல்லையில் தண்டவாளத்தை மயிரிழை அளவு வெட்டியிருந்தார். ரயில் அங்கே தடுமாறாமல் தாண்ட, இரண்டு பக்கமும் ஒரே வேகம் இருக்க வேண்டும்.

"அஞ்சுல வர்றேன், வாங்கிக்க" என்பார்.

"நீங்க அஞ்சுன்னா அது ஏழு. எனக்குத் தெரியாதா?" என்று தன் குமிழை ஏழில் வைப்பாள். இருபத்தாறு வருடம் அவள் கணக்கு தப்பவில்லை.

அவள் இறந்து நான்கு மாதமாக, எந்த ரயிலும் எல்லையை ஒழுங்காகத் தாண்டவில்லை. குமிழ்களுக்கு நடுவே எட்டடி; ஒரே ஆளுக்குக் கை எட்டாது.

"டிஜிட்டலுக்கு மாறுங்க மாமா" என்றான் அவள் தம்பி. "தண்டவாளத்துல எப்பவும் முழு கரண்ட். எஞ்சினுக்குள்ள சிப். ஒரே ரிமோட்ல நாலு ரயிலையும் தனித்தனியா ஓட்டலாம்."

"உங்கக்கா பெட்டி?"

"கழட்டிடணும். ரெண்டு கரண்டும் சேரக் கூடாது."

"அப்ப என்னையும் சேர்த்துக் கழட்டிடு மாப்ள."

"உங்களுக்கு எப்பவோ கழண்டாச்சு மாமா."

அவர் டிஜிட்டல் பெட்டியும் சிப் வைத்த பச்சை எஞ்சினும் வாங்கினார். தம்பி வருவதற்கு முன்பே, தன் பாதிக்கு மட்டும் இணைத்தார். சிப் பழைய மின்சாரத்திலும் ஓடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டு சப்ளையைக் கலக்காதே என்று வேலையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

பச்சை எஞ்சின் எல்லைக்கு வந்தது. முன்சக்கரம் அவள் பக்கம், பின்சக்கரம் அவர் பக்கம். பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாடை.

மாலையில் தம்பி எஞ்சினைத் திறந்து பார்த்தான். "சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினான். "அக்கா பெட்டியக் கழட்டட்டுமா?"

"வேணாம்."

அவர் கட்டிங் பிளேயரை எடுத்து, எல்லையில் ஒரு சாண் தண்டவாளத்தையே பிடுங்கினார். இனி எதுவும் எல்லையைத் தாண்டாது.

அவள் பாதிக்குள் ஒரு சின்ன வட்டம் இருந்தது. பழைய எஞ்சின் ஒன்றை அதில் வைத்து, அவள் இடத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அங்கிருந்து அவர் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. குமிழைத் திருகினார்; எஞ்சின் முதல் வளைவிலேயே கவிழ்ந்தது.

"மெதுவா, மாமா."

நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் கவிழ்ந்தது.